ஏர் பில்டர் மாற்றுவது பத்து நிமிஷம், உட்கார வைப்பதுதான் வேலை

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்கு எழுதுகிறேன். என் 2014 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் பகலெல்லாம் நிற்பது வேஸ்ட் பஞ்சு குடோன் ஓரத்தில். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு கிரஷர். பஞ்சும் கல்தூசியும் தின்றே வளர்ந்த வண்டி அது. முதல் தடவை நானே ஏர் பில்டர் பாக்ஸைத் திறந்தபோது உள்ளே ஒரு எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பஞ்சு மெத்தை, அதன்மேல் கைப்பிடி கடலைத் தொலி, ஒரு மூலையில் உரிக்காத கடலைக்காய் நாலு. பில்டரின் அடிப்பக்கம் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை.

மைலேஜ் கூடும் என்று நினைத்து மாற்ற வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில்தான் அடைத்த பில்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், இழுவைதான் மந்தமாகும். நாம் மாற்றுவது கல்தூசி சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்காமல் இருக்க. இது மனதில் இருந்தால் எதில் கவனம் வேண்டும் என்பது தானாக விளங்கும்.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "ஏர் பில்டருங்களா, ஏசி பில்டருங்களாக்கா?" நான் ஒருமுறை தலையை மட்டும் ஆட்டி, ஏசி பில்டரை வாங்கி வந்திருக்கிறேன். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் போவது, நம் மூக்குக்கு. நமக்கு வேண்டியது இன்ஜின் மூச்சு விடுகிற பில்டர். வண்டியின் மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா என்று சொல்லுங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றி கவரில் போட்டு எடுத்துப் போய், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நீளம், அகலம் மட்டும் போதாது. ஓரத்து ரப்பரின் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். ரப்பர் மெலிந்த மலிவுச் சரக்கு பாக்ஸில் உட்காரும், ஆனால் அடைக்காது.

வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டு பானட்டைத் தூக்குங்கள். பில்டர் எங்கே என்று தேட வேண்டாம். இன்ஜினிலிருந்து கிளம்பும் மணிக்கட்டுத் தடிமன் கறுப்பு ஹோஸ் ஒன்று தெரியும். அதைக் கையால் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பாக்ஸில் முடியும். அதுதான். மூடியைச் சுற்றிக் கம்பி கிளிப் இருக்கும், சில வண்டிகளில் ஸ்க்ரூ. கிளிப்பை நெம்பும்போது இன்னொரு கையால் அணைத்துப் பிடியுங்கள். தெறித்து அடியில் விழுந்தால் தேடியே விடிந்துவிடும். ஹோஸில் ஒயர் சொருகிய சென்சார் இருந்தால் அதை இழுக்காமல், மூடி தூக்குகிற அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

பழைய பில்டரைத் தட்டாமல், உதறாமல், அப்படியே நேராக எடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பாக்ஸைத் துடைக்க வேண்டும். எங்கள் ஊரில் பனியன் வேஸ்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை லேசாக நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். இன்ஜினுக்குப் போகிற ஹோஸ் வாயில் காய்ந்த துண்டைச் செருகி, ஒரு முழம் வால் வெளியே தொங்கவிடுங்கள். வால் எதற்கென்றால், மறந்துபோய் மூடிவிடக் கூடாதே. பிறகு ஈரத் துணியால் அடிப்பகுதியை ஒற்றி எடுங்கள். ஊதாதீர்கள், ஊதினால் தூசி எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

இனிதான் உண்மையான வேலை. புது பில்டரை வைத்ததும், நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ரப்பர் பள்ளத்துக்குள் இறங்கியது விரலுக்கே தெரியும். அம்புக்குறி போட்டிருந்தால் அது காற்று போகும் திசை, இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். துணியை உருவிவிட்டீர்களா? மூடியின் எட்டாத பக்கத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். முதலில் அவை பள்ளத்தில் மாட்ட வேண்டும், பிறகுதான் முன்பக்கக் கிளிப். நான் முதல் தடவை நாக்கை மாட்டாமல் கிளிப்பை மட்டும் அமுக்கிப் போட்டேன். இரண்டாம் நாள் ஆக்சிலேட்டரை மிதித்தால் பானட்டுக்குள்ளிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம். திறந்தால் பின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி, அதன் விளிம்பு முழுக்க வெள்ளைக் கல்தூசி. இடைவெளி இருந்தால் காற்று பில்டரின் காகித மடிப்பு வழியாக ஏன் கஷ்டப்பட்டுப் போகப் போகிறது? கிளிப் வம்பு பண்ணினால் பலத்தைக் காட்டாதீர்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

என் வண்டிப் புத்தகம் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்கிறது, தூசி ரோடு என்றால் முன்கூட்டியே. நான் 15,000ல் மாற்றிவிடுகிறேன். பங்ச்சர் கடையில் ஏர் அடித்துச் சுத்தம் பண்ணலாமே என்பார்கள். ஒருமுறை அவசரத்துக்குச் செய்யலாம், சுத்தமான பக்கத்திலிருந்து, தள்ளிப் பிடித்து, மெதுவாக. கிட்டப் பிடித்து அடித்தால் காகிதம் நூலளவு கிழியும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் அலசுவது காகித பில்டருக்கு ஆகவே ஆகாது. ஓரளவு அழுக்கான பில்டர் புதுசைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும், அதனால் வாராவாரம் கழற்றிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம்.

புது பில்டரின் ஓரத்தில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். வேறு எங்காவது சர்வீஸுக்கு விட்டு, "மாத்தியாச்சுங்க" என்று பில்லில் போட்டு வந்தால், உங்கள் கையெழுத்தே சொல்லிவிடும். எனக்கு ஒருமுறை சொன்னது. மற்றபடி, எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கடலைக்காய் பிடுங்கும்போது மட்டும் நடுவில் ஒருதரம் மூடியைத் திறந்து பார்க்கிறேன், எலி வந்துவிட்டதா என்று.