மேக்ரோவை நீக்கி ஃபங்ஷன் எழுதுவது எப்படி?

சி மொழி பழகத் தொடங்கியவர்கள் இப்படி ஒரு மேக்ரோவை (கம்பைல் ஆவதற்கு முன்பே நிரலில் வேறு எழுத்தாக விரியும் சுருக்கப் பெயர்) எங்காவது சந்தித்திருப்பீர்கள். கொடுத்த எண்ணை இரண்டு எல்லைகளுக்கு நடுவில் நிறுத்துவது இதன் வேலை. (சி மொழியின் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான வடிவத்திலேயே எழுதுங்கள்.)

#டிஃபைன் வரம்பு(ம, கீழ், மேல்) \
  ((ம) < (கீழ்) ? (கீழ்) : (ம) > (மேல்) ? (மேல்) : (ம))

அடைப்புக்குறிகளை எண்ணுவதற்குள் கண் வலித்துவிடும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

படி 1: விரித்துப் பாருங்கள்

நிரலில் வரம்பு(உணரியை_வாசி(), 0, 100) என்று ஓர் அழைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உணரியிடமிருந்து (சென்சார்) ஓர் எண்ணை வாங்கி வருவது உணரியை_வாசி() ஃபங்ஷனின் வேலை. ஜிசிசி (சி நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் ஒரு கம்பைலர்) கட்டளையில் கழித்தல் குறியோடு பெரிய எழுத்து 'ஈ' சேர்த்து இயக்கினால், மேக்ரோக்கள் விரிந்த பிறகு நிரல் எப்படி இருக்கும் என்று காட்டும். அதில் உணரியை_வாசி() மூன்று இடங்களில் நிற்பதைப் பார்ப்பீர்கள். மேக்ரோவுக்கு மதிப்பு என்றால் என்னவென்று தெரியாது. எழுத்தை எடுத்து எழுத்தின் இடத்தில் ஒட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது உணரி அடுத்தடுத்து 97, 99, 103 என்று தருகிறது. 97 கீழ் எல்லைக்குக் குறைவில்லை. 99 மேல் எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே மூன்றாவது முறை வாசித்த 103 விடையாக வெளியே வருகிறது! எல்லைக்குள் நிறுத்த வேண்டிய மேக்ரோவே எல்லை மீறிய எண்ணைத் தருகிறது. இன்னும் எத்தனை அடைப்புக்குறி போட்டாலும் இது தீராது. இதே பிழைக்காக உணரியைச் சந்தேகித்து நான் இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன்.

படி 2: அழைக்கும் இடங்களைத் தேடுங்கள்

ஒவ்வோர் இடத்திலும் என்ன வகை எண் உள்ளே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். மேக்ரோ எந்த வகையையும் ஏற்கும், ஃபங்ஷன் அப்படியல்ல. முழு எண்ணுக்கு எழுதிய ஃபங்ஷனுக்கு 2.5 கொடுத்தால் அது 2 ஆகிவிடும். ஜிசிசி தானாக எச்சரிக்காது. தசம எண்ணும் வருகிறதென்றால் அதற்குத் தனிப் பெயரில் இன்னொரு ஃபங்ஷன் எழுதுங்கள்.

படி 3: ஃபங்ஷனை எழுதுங்கள்

ஸ்டாடிக் இன்லைன் இன்ட் வரம்பு(இன்ட் ம, இன்ட் கீழ், இன்ட் மேல்)
{
  இஃப் (ம < கீழ்) ரிட்டர்ன் கீழ்;
  இஃப் (ம > மேல்) ரிட்டர்ன் மேல்;
  ரிட்டர்ன் ம;
}

உணரி ஒரே முறை வாசிக்கப்படும். அந்த மதிப்பு 'ம'வில் அமர்ந்த பிறகே ஒப்பீடு தொடங்கும். டிபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்தி இயக்கிப் பிழை தேடும் கருவி) வரி வரியாக உள்ளே நடந்தும் பார்க்கலாம்.

வேகம் குறையுமோ என்ற கவலை வேண்டாம். ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே விரிக்கலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் 'இன்லைன்' என்ற சொல் 1999ஆம் ஆண்டின் சி தரத்திலேயே வந்துவிட்டது. கம்பைலரின் மேம்படுத்தலை (ஆப்டிமைசேஷன்) இயக்கியிருந்தால் இவ்வளவு சிறிய ஃபங்ஷனைக் கம்பைலர் பெரும்பாலும் அழைக்கும் இடத்திலேயே விரித்துவிடும்.

படி 4: பழையதை நீக்குங்கள்

மேக்ரோ வரியை முதலில் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஃபங்ஷனை வையுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் ஃபங்ஷனின் தலைப்பு வரியையே மேக்ரோ விரித்துவிடும். வரும் பிழைச் செய்தியிலிருந்து காரணத்தை ஊகிப்பது கடினம். பெயர் மாறாததால் அழைப்புகளைத் தொடவேண்டியதில்லை. எல்லைக்குக் கீழே, எல்லைக்குச் சமமாக, எல்லைக்கு அப்பால் என எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள்.

எல்லா மேக்ரோவையும் இப்படி மாற்ற முடியாது. பிழைப் பதிவில் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டும் மேக்ரோவை முழுவதும் ஃபங்ஷனாக்கினால், அழைத்த இடத்தின் வரி எண்ணுக்குப் பதிலாக ஃபங்ஷனின் வரி எண்ணே எப்போதும் வரும். அங்கே மேக்ரோவை ஒரே வரியாகச் சுருக்குங்கள். அந்த இரண்டு தகவலையும் பிடித்து ஒரு ஃபங்ஷனிடம் கொடுப்பது மட்டும் அதன் வேலையாக இருக்கட்டும்.