என்163 விசில் சத்தம் போன கதை

உப்புவெளில வீட்டு ஃபேனையும் நிப்பாட்டிப்போட்டு ஹெட்போன்ல கேக்கிறன், கீ எண்டு ஒரு மெல்லிய விசில் போகவே இல்ல. டிஎன்-ஃபாமிட்ராக்கர்ல (பழைய ஃபாமிகொம் கேம் மெஷின்ட சத்தத்தில பாட்டுச் செய்யிற மென்பொருள்) விஆர்சி6ஓட என்163யும் (ரெண்டும் அந்த மெஷினுக்கு மேலதிக சத்தம் குடுத்த சிப்புகள்) சேர்த்து ஒரு பாட்டு செய்துகொண்டிருந்தனான், நாதஸ்வரத்துக்கு விஆர்சி6ன்ட சா வேவ் (வாள்பல் மாதிரி அலை, அது நல்லா இழுத்துப் பாடும்), மிச்சத்துக்கு என்163ல 8 சேனலும். ரெண்டு சிப்பும் ஒத்துப்போகேல்ல எண்டுதான் நினைச்சன், ஆனா விஆர்சி6ஐ கழட்டியும் அதே சத்தம். என்னெண்டா என்163 எல்லாச் சேனலையும் ஒரேயடியா வாசிக்காது, ஒண்டு மாறி ஒண்டுதான், 8 எண்டா எல்லாத்தையும் சுத்தி வாற வேகம் கிட்டத்தட்ட 15 கிலோஹேர்ட்ஸ், அது காதுக்குப் பிடிபடும். சேனலை 4ஆ குறைச்சன், சுத்து 30க்கு ஏறிச்சு, அது காதுக்குக் கேக்காது, விசில் இல்ல. ஒவ்வொரு சேனலுக்கும் 8 பைட் போறதால என்163ன்ட 128 பைட் மெமரில அலைவடிவங்களுக்கு 64க்குப் பதிலா 96 மிஞ்சினது இன்னும் சந்தோஷம். விடுபட்டதுகளை விஆர்சி6ன்ட ரெண்டு பல்ஸ் (சதுர அலை) சேனல்ல போட்டன்.