மனநல மருத்துவமனையில் உறைவிடக் கலைஞராகப் பணியாற்றத் தயாராவது எப்படி?

மனநல மருத்துவமனையிலோ மறுவாழ்வு இல்லத்திலோ கலைஞராகச் சில மாதங்கள் தங்கிப் பணியாற்றும் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும்போது, ‘கலையின் மூலம் குணப்படுத்துவேன்’ என்று எழுதும் ஆசை யாருக்கும் வரும். அந்த வாக்குறுதியைத் தயவுசெய்து தராதீர்கள். கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைபுரிகின்றன என்பதற்கு, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையே சான்று. ஆனால், பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், குழுவாக அளிக்கப்பட்ட ஓவியச் சிகிச்சையால் அவர்களுடைய செயல்பாட்டில் முன்னேற்றம் தென்படவில்லை. நீங்கள் சிகிச்சையாளராக அல்ல, கலைஞராகவே அங்கே போகிறீர்கள். எத்தனை மணி நேரம் ஓவியக் கூடத்தைத் திறந்து வைப்பீர்கள், என்ன பொருட்களைத் தருவீர்கள், யாருடன் சேர்ந்து வேலை செய்வீர்கள் என்பதைத் தெளிவாக எழுதினாலே போதும்.

இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் 1946இல் பணிக்கு வந்த ஓவியர் எட்வர்ட் ஆடம்சன், எப்படி வரைய வேண்டும் என்று கற்பிக்காமலும், வரைந்தவற்றுக்குத் தாமாக விளக்கம் சொல்லாமலும், பல்லாண்டுகள் நோயாளிகளுடன் இருந்தார். அதே 1946இல் ரியோ டி ஜெனிரோவில், மின்னதிர்ச்சிச் சிகிச்சையை ஏற்க மறுத்த மருத்துவர் நிசே டா சில்வேரா ஓவியக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பிறந்த படைப்புகளுக்காக 1952இல் ஓர் அருங்காட்சியகமே உருவாயிற்று. இருவருமே இடத்தையும் பொருளையும் தந்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரங்களில் பயிலரங்கு எதையும் நடத்தாதீர்கள். மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரம், மாத்திரை கொடுக்கும் நேரம், உறவினர்கள் பார்க்க வரும் நாள் ஆகியவற்றைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே கூடத்தின் நேரத்தை அமையுங்கள். மனநோய்க்கான மருந்துகள் சிலருக்குக் கை நடுக்கத்தையும், தசை இறுக்கத்தையும், வாய் வறட்சியையும், தூக்கக் கலக்கத்தையும் தரக்கூடும். நடுங்கும் கைக்கு மெல்லிய தூரிகை அடங்காது; பிடியில் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தால் கோடு ஓரளவு நிலைப்படும், தடித்த கரித்துண்டும் களிமண்ணும் அதைவிட எளிது. மேசைமீது எப்போதும் குடிநீர் இருக்கட்டும். வந்து அமர்ந்துவிட்டு ஒன்றும் வரையாமல் எழுந்து போகிறவரையும் கூடத்துக்கு வந்தவராகவே கருத வேண்டும்.

கத்தரிக்கோல், பிளேடு, கம்பி, கண்ணாடிக் குப்பி, டர்பன்டைன், நீளமான கயிறு ஆகியவற்றுள் எதை உள்ளே கொண்டுவரலாம் என்பதை வார்டு பொறுப்பாளரே முடிவு செய்யட்டும். அனுமதிக்கப்பட்டவற்றை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஒப்புதலில்தான். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 24ஆவது பிரிவின்படி, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ அவரைப் பற்றிய வேறு தகவலையோ அவருடைய சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது. சட்டம் கேட்பதோடு நின்றுவிடாமல், வரைவதற்கு ஒரு முறையும், வரைந்ததைக் காட்சிக்கு வைப்பதற்குத் தனியாக இன்னொரு முறையும் சம்மதம் கேளுங்கள். படிவத்தை அவருடைய மொழியில் வாசித்துக் காட்டி, மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதையும், பிறகு மனம் மாறினால் படத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும், அவர் நம்பும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். படைப்பு வரைந்தவருக்கே சொந்தம். விற்றால் வரும் பணமும் அவருடையது. பெயரைப் போடுவதா, புனைபெயர் போதுமா என்பது அவர் முடிவு. நோயின் பெயரைப் படத்தின் கீழே எழுதி வைப்பது, அந்த மனிதரை நோயாகவே பார்க்கச் சொல்வதாகும் என்பதால், அவ்வழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன்.

ஒருவர் சாக விரும்புவதாக உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுக்காமல், அவரைத் தனியே விடாமல், பணியிலிருக்கும் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். கேட்ட துயரங்கள் உங்களையும் தொந்தரவு செய்யும். வாரம் ஒரு மணி நேரம் மனநலச் சமூகப் பணியாளருடன் பேசுவதற்கான ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுங்கள். இரவில் உதவி தேவைப்பட்டால் இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது.

நீங்கள் கிளம்பும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கே சிகிச்சை பெறுபவர்களில் பலர் முன்னறிவிப்பின்றிக் கைவிடப்பட்டவர்கள். கடைசி மாதத்தில் அமர்வுகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மீதமுள்ள வண்ணங்களையும் கூடத்தின் சாவியையும் தொடர்ந்து நடத்தக்கூடிய ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்து, எந்தப் படம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.