கதாபாத்திரம் செத்துப்போனால்: கேம் மாஸ்டர்கள் செய்யும் தவறுகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம், மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். பாழடைந்த கோபுரத்தில் ஒரு மரப்பெட்டி. திருடனாக ஆடிய நண்பர் “திறக்கிறேன்” என்றார். பூட்டுக்குள் விஷ ஊசி இருப்பதாக என் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். “சரி, உருட்டு” என்றேன். 4 விழுந்தது. “செத்துட்டே.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஊசி இருக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஏதாவது வழி இருந்துச்சா?”

இல்லை. விதிப்புத்தகப்படி நான் செய்ததில் ஒரு பிழையும் கிடையாது. ஆனாலும் அது அநியாயமான சாவு. ஆபத்து இருப்பது தெரிந்தும் அவர் கைவைத்திருந்தால் அந்த 4 அவருடைய 4. தெரியாமல் உருட்டியதால் அது என்னுடையது.

முன்னறிகுறி தராமல் கொல்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சாவிதுவாரத்தைச் சுற்றிப் பச்சைக் கறை, பெட்டி ஓரம் விறைத்துக் கிடக்கும் எலி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அதையும் கேட்காமலே சொல்ல வேண்டும். எலியைப் பார்க்கவே ஒரு பகடை உருட்டச் சொன்னால், ஒரு பகடை செய்த கொலையை இரண்டு பகடைகள் செய்கின்றன, அவ்வளவுதான். ஆட்டக்காரர் விபரீதமாக ஏதாவது செய்யப்போகிறேன் என்றால், “கீழே அறுபது அடி ஆழம், வெறும் பாறை. குதிக்கிறியா?” என்று வாய்விட்டே கேட்டுவிடுங்கள். இதனால் சுவாரசியம் குறையும் என்று சிலர் தயங்குவார்கள். விளிம்பில் நிற்கும் கதாபாத்திரத்துக்குப் பள்ளம் கண்ணெதிரே தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் வார்த்தை மட்டும்தான் கண்.

அடுத்தது, சாவைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசாமல் விடுவது. எல்லா ஆட்டத்திலும் சாவுக்கு ஒரே எடை இல்லை. 1977ல் வந்த டிராவலரில் கதாபாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போக வாய்ப்பிருந்தது. 1984ல் வந்த பாரனோயாவில் ஆளுக்கு ஆறு குளோன்கள். அங்கே சாவு ஒரு நகைச்சுவைக் காட்சி. கால் ஆஃப் கதூலுவில் துப்பறிபவர் உயிரோடும் புத்தியோடும் திரும்பினால் அதுவே பெரிய விஷயம். ஃபேட் என்ற ஆட்டத்தின் விதிகளில், எதிராளி பகடையை உருட்டும் முன்பே “தோற்கிறேன்” என்று ஒப்புக்கொண்டால், எப்படித் தோற்பது என்பதில் ஆட்டக்காரருக்கும் பங்கு உண்டு. உங்கள் மேசையில் இதில் எது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்துப் பக்கத்துக்கு முன்கதை எழுதிக்கொண்டு வருபவருக்கு அது முக்கியம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறவர்கள், தங்கள் விதிகள் எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயின்ட் (கதாபாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) 0 ஆனால் மயக்கம். முறைக்கு ஒரு இருபது முகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. மூன்று வெற்றி வந்தால் நிலை தேறும், மூன்று தோல்வி வந்தால் சாவு. மூன்று வாய்ப்பு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் இருந்து தாக்கி அடி பட்டால் அது கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி. ஒரே அடியில் இரண்டு தோல்வி. ஓநாய் ஒரு கடி கடித்தால் சாவுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு தோல்வி.

முதல் லெவலில் இன்னும் மோசம். 0 ஆன பிறகும் மிஞ்சும் சேதம் முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால் உடனடிச் சாவு. 7 ஹிட் பாயின்ட் உள்ள மந்திரவாதிக்கு 14 சேதம் போதும். ஓகர் என்ற ராட்சதனின் தடியடிச் சேதம், இரண்டு எட்டுமுகப் பகடையின் கூட்டுத்தொகையோடு 4. அடி பட்டுவிட்டால் 64க்கு 28 தடவை ஆள் அங்கேயே காலி. இது தெரியாமல் முதல் நாளே ஓகரை இறக்கிவிட்டு, “பகடை அப்படி விழுந்துடுச்சு” என்று கையை விரிப்பதில் அர்த்தமில்லை.

விழுந்தவரை அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பசித்த ஓநாய் விழுந்தவரைக் கவ்வி இழுத்துப்போகும். ஆனால் எதிரே இரண்டு வாள்வீரர்கள் நிற்கும்போது, கூலிக்குக் காவல் காக்கிறவன் எதற்குக் கீழே கிடப்பவரைக் குத்த வேண்டும்? அவனுக்கும் உயிர்மேல் ஆசை இருக்குமே. மேசைக்கு வெளியே நடந்த சண்டைக்கு மேசையில் பழிதீர்க்கிற வேலையும் வேண்டாம்.

இனி, கேம் மாஸ்டர் தன் முன்னால் வைத்துக்கொள்ளும் மறைப்புத் திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்வது. ஒரு காலத்தில் நானும் செய்தேன். எதிரியாக வந்த ஓர்க் என்ற அரக்கனுக்கு 20 விழுந்ததை “9, தப்பிச்சே” என்றேன். எதிரே இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் ஜெயித்த சண்டைகூட அவருக்கு இனிக்கவில்லை. சிலர் இதை இரக்கம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. சாவு வேண்டாம் என்றால் உருட்டும் முன்பே முடிவெடுக்கலாம்: எதிரிகளுக்குத் தேவை பிணைக்கைதி, பிணம் அல்ல. உருட்டுவதென்றால் எல்லோர் கண்முன்னாலும் உருட்டுங்கள்.

செத்த பிறகு நடப்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கதாபாத்திரம் போனவர் இரண்டு மணி நேரம் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசி வார்த்தை பேச அவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். அப்புறம் கூட வந்த கூலிக்காரனையோ வழிகாட்டியையோ அவர் கையில் கொடுங்கள். மற்றவர்கள் ஆறாம் லெவலில் இருக்க, புதியவரை ஒன்றாம் லெவலில் தொடங்கச் சொன்னால் அடுத்த வாரமும் இதே கதைதான்.

உயிர்ப்பிக்கும் மந்திரங்கள் தனிச் சிக்கல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ரிவிவிஃபை மந்திரத்தைச் செத்த ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், 300 பொற்காசு மதிப்புள்ள வைரமும் வேண்டும். ரெய்ஸ் டெட் மந்திரத்துக்குப் பத்து நாள் அவகாசம், 500 பொற்காசு வைரம். அந்த வைரம் ஊருக்கு ஊர் கிடைத்தால் சாவு வெறும் அபராதமாகிவிடும். கிடைக்கவே கிடைக்காது என்றால் அதை ஆள் சாகும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வர விருப்பமா என்று அந்த ஆட்டக்காரரையும் கேளுங்கள். நல்ல முடிவு கிடைத்தவர்கள் வேண்டாம் என்பதுண்டு.

அந்தத் திருடனின் சாவை நான் திரும்பப் பெறவில்லை. தவறு என்னுடையது என்று மட்டும் எல்லோர் முன்பும் சொன்னேன். அடுத்த ஆட்டத்துக்கு நண்பர் திருடனின் தங்கையாக வந்தார். அவளுடைய உபகரணப் பட்டியலில் முதல் வரி: தூரத்தில் இருந்தே தட்டிப் பார்க்கப் பத்தடிக் கம்பு, இரண்டு.