ரிசீவருக்குத் துணையாகத் தனி ஆம்ப்ளிஃபையர்: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் படிப்படியாக இணைக்கும் முறை

உங்கள் ஹோம் தியேட்டர் ரிசீவரின் மேல்மூடியில் உள்ள காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கனமான ஒரு மின்மாற்றி தெரியும். பெரும்பாலான ரிசீவர்களில் அந்த ஒன்றுதான் இருக்கும். முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு என ஏழு ஸ்பீக்கர்களுக்கும் அதிலிருந்தே மின்சாரம் போகிறது. ஒரே கேஸ் சிலிண்டரில் ஏழு அடுப்புகளைப் பற்ற வைத்தது போலத்தான். ஓர் அடுப்பு மட்டும் எரியும்போது சுடர் நிமிர்ந்து நிற்கும். ஏழையும் முழுதாகத் திறந்தால் எல்லாமே தாழ்ந்துவிடும்.

பெட்டியின்மேல் "ஒரு சேனலுக்கு 100 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிப் பாதை. பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். "இரண்டு சேனல்கள் இயங்கும்போது" என்று இருக்கும். சில நிறுவனங்கள் ஒரே ஒரு சேனலை, 6 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), 10 விழுக்காடு ஒலிச் சிதைவோடு அளந்து அதைவிடப் பெரிய எண்ணைப் போடுகின்றன. பத்து விழுக்காடு சிதைவு என்றால் பாடகரின் குரல் கரகரப்பது காதுக்கே தெரியும். இரண்டு ரிசீவர்களை ஒப்பிட விரும்பினால், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில், இரண்டு சேனல்களுக்குச் சொல்லப்பட்ட எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிசீவரை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கர்களின் சுமையை மட்டும் தனி ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றுக்கு மாற்றும் வழியைத்தான் இங்கே விளக்குகிறேன். படம், ஒலி வடிவங்களைப் பிரித்தெடுப்பது, அறைக்கேற்பத் திருத்துவது எல்லாம் ரிசீவரின் வேலையாகவே இருக்கும். ஸ்பீக்கரைத் தள்ளும் வேலை மட்டும் வெளியே போகும்.

முதல் படி: உங்களுக்கு இது தேவைதானா?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு. ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கையேட்டிலோ "உணர்திறன்" என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் கேட்கும் என்பது அதன் பொருள். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்த வெளிக் கணக்குப்படி சுமார் 9.5 டெசிபெல் குறையும். சுவர்கள் உள்ள அறையில் இழப்பு சற்றுக் குறைவுதான். இருந்தாலும் பாதுகாப்புக்காக 77.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் வெடிச் சத்தம் வரும் உச்சத்தில் 95 டெசிபெல் வேண்டும் என்றால் இன்னும் 17.5 டெசிபெல் தேவை. அதற்கு ஏறக்குறைய 56 வாட் போதும். திரையரங்க அளவான 105 டெசிபெல் உச்சம் வேண்டும் என்றால் 560 வாட் ஆகிவிடும். ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் வாட் பத்து மடங்காகிறது என்பதால் இப்படி. 90 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கராக இருந்தால் அதே 95 டெசிபெல்லுக்கு 28 வாட்டே போதும்.

நான் பிடோக்கில் நாலறை வீட்டில் இருக்கிறேன். வார நாள் இரவில் நான் கேட்கும் அளவுக்கு உச்சத்தில்கூடப் பத்து வாட் ஆவதில்லை. சராசரியாகப் பார்த்தால் ஒரு வாட்டுக்கும் குறைவு. ஆகவே சத்தம் கூடும் என்ற எண்ணத்தில் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்காதீர்கள். 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். அது காதுக்குத் தெரியும், ஆனால் இருமடங்கு சத்தமாகத் தோன்றாது.

அப்படியானால் யாருக்குப் பயன்? உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்து, உணர்திறனும் 84, 85 டெசிபெல் என்ற அளவில் இருந்தால் நிச்சயம் பயன் உண்டு. ஏழு அல்லது ஒன்பது ஸ்பீக்கர்களை ஓட்டுபவர்களுக்கும், வார இறுதியில் குடும்பத்தோடு சற்று உரக்கவே படம் பார்ப்பவர்களுக்கும், இரண்டு மணி நேரத்தில் ரிசீவர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுபவர்களுக்கும் உண்டு. சத்தம் கூடும்போது வசனம் மட்டும் காட்டமாக, கூர்மையாக மாறி, குறைத்தால் பரவாயில்லை என்று தோன்றினால் அதுவும் ஓர் அறிகுறி.

இன்னொன்றையும் முதலில் செய்து பாருங்கள். பாஸ் ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் இருந்தால், ரிசீவர் அமைப்பில் முன் ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று மாற்றி, பிரிப்பு அலைவெண்ணை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும். மின்சாரத்தை அதிகம் விழுங்குவது ஆழ்ந்த பாஸ் ஒலிதான். அந்தச் சுமை சப்வூஃபரின் சொந்த ஆம்ப்ளிஃபையருக்குப் போனதும் பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

இரண்டாம் படி: ரிசீவரின் முதுகைப் பாருங்கள்

"ப்ரீ அவுட்" என்று எழுதிய வட்டத் துளைகள் இருக்க வேண்டும். ரிசீவரின் ஆம்ப்ளிஃபையருக்குள் போகாத ஒலிச் சமிக்ஞை இவற்றின் வழியாகத்தான் வெளியே வரும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். சப்வூஃபருக்கான ப்ரீ அவுட் ஏறக்குறைய எல்லா ரிசீவர்களிலும் இருக்கும். அது இதற்கு உதவாது. முன் இடது, முன் வலது, நடு என்று தனித்தனியாகக் குறிப்பிட்ட துளைகள் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் அவை இருக்காது. இல்லையென்றால் இந்தத் திட்டத்தை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இணைப்பிலிருந்தே சமிக்ஞை எடுக்கும் மாற்றுக் கருவிகள் உண்டு. ஆனால் எந்த ஆம்ப்ளிஃபையரைத் தவிர்க்க விரும்புகிறோமோ அதன் வழியாகவே ஒலி மறுபடி வருவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: எதை வாங்குவது

மூன்று சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்று போதும். இரண்டு சேனல் மட்டுமே கையில் சிக்கினால் இடது, வலது ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்துவிட்டு, நடு ஸ்பீக்கரை ரிசீவரிடமே விடலாம். ஆனாலும் படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. வசனத்துக்காகவே இந்த வேலையில் இறங்குபவர் மூன்று சேனலுக்குக் காத்திருப்பது நல்லது.

ஏபி வகுப்பு, டி வகுப்பு என்று இரண்டு வகைகளைப் பார்ப்பீர்கள். ஏபி வகுப்பு கனமானது, சும்மா இருக்கும்போதே சூடாகும். டி வகுப்பு இலேசானது, குளிர்ச்சியானது. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய டிவி அலமாரி உள்ள வீட்டுக்கு நல்ல டி வகுப்புப் பெட்டியே பொருந்தும் என்பது என் கருத்து. ஒலித்தரத்தில் டி வகுப்பு மட்டம் என்ற பழைய பேச்சு இன்றைய நல்ல கருவிகளுக்குப் பொருந்தாது.

கையேட்டில் "ஈட்டம்" அல்லது "கெய்ன்" என்று ஓர் எண் இருக்கும். உள்ளே வரும் சமிக்ஞையை ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு பெருக்குகிறது என்பதே அது. 26 முதல் 29 டெசிபெல் வரை இருந்தால் வீட்டு ரிசீவர்களோடு ஒத்துப்போகும். 29 டெசிபெல் ஈட்டம் என்றால், ரிசீவர் ஒரு வோல்ட் கொடுத்தாலே 8 ஓமில் 100 வாட் வந்துவிடும்.

கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் பல இருக்கின்றன. உங்களுக்குப் பழக்கமான ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுமையாகக் கேளுங்கள். வயர், இணைப்பு முனைகளுக்கு சிம் லிம் டவர். பழைய பொருள் வாங்குவதானால் பின்புறத் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டாகவும், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டாகவும் இருக்கும். நேரடியாகச் செருகினால் கருவி பாழாகும், தீப்பிடிக்கவும் கூடும். வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். இருபது கிலோ பெட்டிக்கு அது சிறிய தொகையாக இருக்காது.

நான்காம் படி: இடம்

ரிசீவருக்கு மேல் ஆம்ப்ளிஃபையரையோ, ஆம்ப்ளிஃபையருக்கு மேல் ரிசீவரையோ அடுக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளி, பின்னால் காற்றுப் போக வழி. கதவுள்ள அலமாரி என்றால் படம் பார்க்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். மின்சாரத்துக்குச் சுவர் சாக்கெட்டே நல்லது. நீட்டிப்பு வயர் தவிர்க்க முடியாததென்றால் "சேஃப்டி" முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

ஐந்தாம் படி: இணைப்பு

எல்லாவற்றையும் நிறுத்தி, ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போதுள்ள இணைப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரிலும் காகித ஒட்டு ஒட்டி இடது, நடு, வலது என்று எழுதுங்கள்.

முன் ஸ்பீக்கர் மூன்றின் வயர்களையும் ரிசீவரிலிருந்து கழற்றி ஆம்ப்ளிஃபையரில் மாட்டுங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும், பாஸ் மெலியும். ஒரே ஸ்பீக்கரை ரிசீவரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஒருசேர இணைக்கவே கூடாது. ஒரு ஆம்ப்ளிஃபையரின் மின்சாரம் இன்னொன்றுக்குள் பாய்ந்து இரண்டும் கெட்டுவிடும். பிறகு ப்ரீ அவுட் துளைகளிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடுகளுக்கு ஆர்சிஏ எனப்படும் வட்ட முனை வயர் மூன்று. ஒரு மீட்டர் நீளம் தேவையென்றால் ஒரு மீட்டரே வாங்குங்கள், மூன்று மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு பெரும்பாலும் போதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கும் பத்து மீட்டர் ஓட்டத்துக்கும் 2.5. அதற்குமேல் விலை கூடிய வயரில் போடும் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்.

வயர் முனையைத் திருகும்போது அவசரம் வேண்டாம். ஈசூனில் என் மாமா மகன் வீட்டில் இதே வேலையைச் செய்தபோது, முடி போன்ற ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இயக்கியதும் "டக்" என்று ஒரு சத்தம், ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பாதுகாப்புச் சுற்று காப்பாற்றியதால் பெட்டி பிழைத்தது. அந்தப் புதுப் பொருளை வாங்க அவன் எட்டு மாதம் பணம் சேர்த்திருந்தான். அன்று எனக்கு நடுங்கிய கை இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வாழைப்பழ முனை எனப்படும் பித்தளை முனைகளைத்தான் எல்லா வயரிலும் பொருத்துகிறேன். ஐந்து நிமிடக் கூடுதல் வேலை, இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது.

இயக்கும்போது ரிசீவர் முதலில், ஆம்ப்ளிஃபையர் பிறகு. நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். இரண்டிலும் "12 வோல்ட் ட்ரிக்கர்" துளை இருந்தால் 3.5 மில்லிமீட்டர் வயர் ஒன்றால் இணைத்துவிடுங்கள். ரிசீவர் விழிக்கும்போது ஆம்ப்ளிஃபையரும் தானாக விழித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: அமைப்பு

ஒலி அளவைக் கீழே வைத்துவிட்டு மூன்று ஸ்பீக்கர்களிலும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். டெனான், மராண்ட்ஸ் நிறுவனங்களின் சில மாடல்களில் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் துண்டிக்கும் வசதி உண்டு. உங்களுடையதில் இருந்தால் முன் சேனல்களுக்கு மட்டும் அதை இயக்குங்கள்.

அடுத்து, ரிசீவர் மைக் மூலம் அளந்து ஒலியை அறைக்கேற்பச் சரிசெய்யும் அறைத் திருத்தத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். புது ஆம்ப்ளிஃபையரின் ஈட்டம் ரிசீவருடையதோடு அப்படியே ஒத்திருக்காது என்பதால், முன் ஸ்பீக்கர்கள் ஓங்கியும் பின் ஸ்பீக்கர்கள் ஒடுங்கியும் கேட்கும். மைக்கை உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வையுங்கள். கூரை விசிறி, குளிர்சாதனம், சமையலறைப் புகைபோக்கி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வியர்க்கும், பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவில் முன் ஸ்பீக்கர்களின் அளவு மைனஸ் 12 என்ற அடிமட்டத்தில் போய் நின்றால், ஆம்ப்ளிஃபையரில் ஈட்டத்தைக் குறைக்கும் குமிழ் இருக்கிறதா என்று பார்த்துக் குறைத்து, மறுபடி அளக்கவும்.

ஏழாம் படி: இரைச்சல் கேட்டால்

படம் ஓடாதபோது ஸ்பீக்கரில் "உம்ம்" என்ற தாழ்ந்த ஓசை வந்தால், அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. கருவிகள் இரண்டு வழிகளில் எர்த்தைத் தொடும்போது அது உண்டாகிறது. முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட் வரிசைக்கு மாற்றுங்கள். போகவில்லையென்றால், சுவரிலிருந்து டிவிக்கு வரும் ஆண்டெனா வயரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை அப்போது நின்றால் குற்றவாளி அந்த வயர்தான், அதற்கென்று விற்கும் தனிப்படுத்தும் முனையைப் பொருத்தலாம். ஆம்ப்ளிஃபையர் ப்ளக்கின் எர்த் முனையைத் துண்டித்தால் ஓசை நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழுது ஏற்படும் நாளில் உயிரைக் காப்பது அந்த முனைதான்.

கேட்டுப் பாருங்கள்

இதற்கு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் ஓடும் சினிமாப் பாட்டில் வித்தியாசம் எளிதில் பிடிபடாது. தவிலில் வலக்கை விரல்கூடுகள் விழும் கணத்தைக் கவனியுங்கள். ஆம்ப்ளிஃபையர் திணறும்போது அந்த அடி மழுங்கி, நாதஸ்வரமும் ஒரு கணம் பின்வாங்கும். திணறாதபோது அடி தனியாகத் தெறிக்கும், நாதஸ்வரம் தன் இடத்தில் நிற்கும். பிறகு மழைக்காட்சி உள்ள ஒரு படம் போடுங்கள். முன் மூன்றின் பாரம் இறங்கியதால் ரிசீவரிடம் மிச்சமிருக்கும் சக்தி பின் ஸ்பீக்கர்களுக்குக் கிடைக்கிறது. சத்தத்தை ஏற்றும்போது பின்னாலிருந்து வரும் மழைக்கும் அந்த நன்மை உண்டு.

இந்தச் சோதனையைச் சனிக்கிழமை பிற்பகலில் செய்யுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். பாஸ் ஒலி தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை ஒன்று போட்டு, கீழ் வீட்டுக்காரரிடம் போய் அவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று நேரில் கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது அந்தப் பாட்டி, சப்வூஃபர் இருக்கும் மூலைக்கு நேர் கீழேதான் தன் கட்டில் இருப்பதாகச் சொன்னார். அன்றே அதை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அறைத் திருத்தத்தை மறுபடி செய்தேன்.