யாழ்ப்பாணத் தமிழ் பேச வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டு நடிகருக்கு யாழ்ப்பாணப் பேச்சைப் பழக்குகிறவர்கள் பலரும் இழுவையிலிருந்து தொடங்குகிறார்கள். ராகம் வந்து ஒலி வராவிட்டால் மலையாள வாடைதான் அடிக்கும். ராகத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் வசனத்தாள். 'ஆமா'வை 'ஓம்' ஆக்கினால் வேலை முடிந்துவிடாது. அங்கே பேசுவது 'கதைக்கிறது'. 'அவர் என்னைப் பேசிப்போட்டார்' என்றால் திட்டிவிட்டார். 'வந்தனான்' கேட்க அழகாக இருக்கிறதென்று எல்லா இடத்திலும் தூவக் கூடாது. வாசலில் நின்று சொல்வது 'வந்திட்டன்'. 'நேற்றும் வந்தனான்' என்பது நடந்ததை எடுத்துச் சொல்வது. நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே 'நீர்' உண்டு. கணவன் மனைவியிடம் 'என்ன செய்யிறீர்?' என்று கேட்கலாம். இதை விட்டால் உறவின் நெருக்கமே மாறிப்போகும்.

'உது' என்பது எதிரே இருப்பவர் பக்கத்தில் உள்ள பொருள். 'உதை எடுங்கோ' என்றபடி நடிகர் தன் மடியைக் காட்டினால் காட்சி கெட்டது. கையும் பார்வையும் கேட்பவர் பக்கம் போக வேண்டும்.

அதிகம் மெனக்கெட வேண்டியது ஒலியில். நம் பேச்சில் 'வரேன்' மூக்கோடு கரைந்துவிடும். 'வாறன்' முடியும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு 'ன்' தெளிவாகக் கேட்க வேண்டும். 'நேற்று' என்பதை 'நேத்து' என்று பல்லில் தட்டாமல், 'ன்' பிறக்கும் அதே இடத்தில் தட்டினால் சரியாக வரும். ஆங்கில டகரமும் அங்கேதான் பிறக்கிறது. அதனால்தான் நாம் 'டீ' என்று எழுதுவதை அங்கே 'ரீ' என்று எழுதுகிறார்கள். தாளில் இருப்பதைப் பார்த்து ரகரமாகவே வாசித்துவிடும் நடிகர்கள் உண்டு. எழுதிக் கொடுப்பதைவிடச் சொல்லிக் காட்டுவது நல்லது.

பயிற்சிக்கு 15 வினாடி ஒலிப்பதிவு ஒன்று போதும். பாத்திரத்தின் வயதுக்கும் ஊருக்கும் பொருந்திய ஒருவர் பேசியதாக இருக்கட்டும். மட்டக்களப்புக் குரலைக் கேட்டு யாழ்ப்பாணம் பழகக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒலி. அதே வசனத்தை மெதுவாக, ஓடிக்கொண்டே, கத்திக்கொண்டே சொல்ல வையுங்கள். கோபத்தில்தான் நடிகரின் சொந்த ஊர்ப்பேச்சு எட்டிப்பார்க்கும், பெரும்பாலும் ஒரு 'இல்லப்பா'வாக. வசனத்தில் இல்லாமல் வாயில் வரும் இந்தச் சில்லறைகளுக்கு மாற்றாக 'ஓமோம்', 'பாருங்கோ', 'பேந்து' (பிறகு) போன்றவற்றை முன்கூட்டியே பழக்கி வைத்தால் டப்பிங்கில் பாதி வேலை மிச்சம்.