ஈஸ்ட் செல்கள் புரோட்டானை வெளியேற்றுவதைச் சமையலறையில் காண்பது எப்படி?

ஊட்டி மார்க்கெட்டில் கிடைக்கும் ஊதா முட்டைக்கோஸ், பேக்கரிக்கு வாங்கும் உலர் ஈஸ்ட், மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் தூள் ஆகிய மூன்றும் இருந்தால், உயிருள்ள செல் தன்னிடமிருந்து புரோட்டான்களை வெளியேற்றுவதை வீட்டிலேயே கண்டுவிடலாம். எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுவே புரோட்டான். ஒரு நீர்மத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதையே பி.எச். எண் காட்டுகிறது. எண் ஒன்று குறைந்தால் புரோட்டான் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள்.

சர்க்கரையைச் சிதைத்துப் பெற்ற ஏடிபியில் (செல்லின் ஆற்றல் நாணயம் எனப்படும் மூலக்கூறு) கணிசமான பங்கை ஈஸ்ட் புரோட்டான்களை வெளியேற்றவே செலவிடுகிறது. வீண்செலவு அன்று. வெளியே மிகுந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பும்போது, அமினோ அமிலம், பாஸ்பேட் போன்றவற்றையும் உடன் இழுத்து வருகின்றன. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் கணக்கு தலைகீழாக நடக்கிறது: உணவிலிருந்து வரும் எலெக்ட்ரான்களின் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் குவிக்கப்படுகின்றன, பைக்காரா அணையில் தேங்கிய நீர் இறங்கி டர்பைனைச் சுழற்றுவதுபோல, அவை திரும்பும் வழியில் ஒரு புரதத்தைச் சுழற்றி ஏடிபியை உண்டாக்குகின்றன. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இந்த விளக்கத்தை 1961இல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் கோஸை மெல்லிதாக அரிந்து, கொதிநீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டவும். அந்த ஊதாச் சாற்றில் எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும். சமையல் சோடா பட்டால் நீலமோ நீலப்பச்சையோ ஆகும். இவ்விரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளவும்.

இரண்டு தேக்கரண்டி ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அடியில் படிந்ததும் மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் சேர்க்கவும். உலர் ஈஸ்டிலிருந்து கசிந்தவை பெரும்பாலும் இதில் போய்விடும். இதை மூன்று தம்ளர்களில் சமமாகப் பிரித்து, ஒன்றில் குளுக்கோஸ் சேர்த்து, மற்றொன்றை அப்படியே விடவும். மூன்றாவதைக் கொதிக்கவைத்து ஆறவிட்ட பிறகு குளுக்கோஸ் சேர்க்கவும். ஊட்டியின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், ஈஸ்டைக் கொல்ல அதுவே தாராளம். உயிருள்ள ஈஸ்டுக்குத்தான் மலைக்குளிர் தடை. ஆகவே மூன்று தம்ளர்களையும் 35 டிகிரி அளவில் வெந்நீர் உள்ள பாத்திரத்தில் நிறுத்தி வையுங்கள்.

சாற்றைத் தம்ளரில் ஊற்றக் கூடாது. ஈஸ்டின் பால்நிறக் கலங்கலில் நிறம் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு, அதன்மேல் நான்கைந்து சொட்டுச் சாறு விடவும். குளுக்கோஸ் பெற்ற உயிருள்ள ஈஸ்டின் துளி ஊதாவிலிருந்து மெல்ல இளஞ்சிவப்பை நோக்கி நகரும். வெறும் ஈஸ்டும் தன் சேமிப்பைக் கரைத்துச் சிறிது மாறலாம். கொதித்தது ஏறத்தாழத் தொடக்க நிறத்திலேயே நிற்கும்.

நிறம் மாறியதை மட்டும் வைத்துப் புரோட்டான் வெளியேற்றம் என்று முடிவு கட்டுவது அவசரம். ஈஸ்ட் விடும் கார்பன் டை ஆக்சைடும் நீரில் கரைந்து அமிலமாகும். எனவே முதல் தம்ளரைக் குளிர்ந்த இடத்தில் அசைக்காமல் வைத்து, ஈஸ்ட் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். வாயு பறந்த பின் அதில் கோஸ் சாறு விட்டும் சிவப்பு தெரிந்தால் அது செல்கள் தாமே வெளியேற்றிய அமிலம். அதில் சிறு பங்கு கரிம அமிலங்களுடையது என்பதையும் மறக்க வேண்டாம்.

தேயிலை வேரிலும், ஈஸ்டில் உள்ளதுபோலப் புரோட்டானை வெளியே தள்ளும் எக்கிகள் (பம்புகள்) உண்டு. அமோனிய உரத்தை உறிஞ்சும்போது வேர் புரோட்டானை வெளிவிடுவதால், ஏற்கெனவே அமிலமான நீலகிரி மண் மேலும் புளிக்கிறது. அதனால்தான் தோட்டங்களில் டோலமைட் இடுகிறார்கள். மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவைத்துக் கோஸ் சாற்றால் நீங்களும் சோதிக்கலாம்; ஆனால் டோலமைட் எவ்வளவு இடுவது என்பதற்கு ஆய்வகத்தின் மண் பரிசோதனை முடிவையே பின்பற்றுங்கள்.